பள்ளிக்கால நினைவேடுகளைப் பாதுகாப்பது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் வீட்டுப் பெண் ஒருவர், அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ, படிக்கிற காலத்தில் ஒட்டியும் எழுதியும் வைத்த நோட்டுகள் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ கிடக்கின்றன என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். என் அத்தை 1960களின் நடுவில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பிறகு விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தவர். கறுப்புத் தாள் ஆல்பம், தோழிகள் எழுதிய ஆட்டோகிராஃப் நோட்டு, பழைய கணக்குப் பேரேட்டில் ஒட்டிய ஆண்டு விழா நிகழ்ச்சி நிரல்கள், பொங்கல் வாழ்த்து அட்டைகள், சினிமா டிக்கெட்டுகள் என்று அந்த ஆண்டுகளை அப்படியே வைத்திருந்தார்.

இவற்றைக் காப்பாற்ற இறங்கியபோது சரியாக வழிசொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஸ்டூடியோவில் படங்களை மட்டும் பிய்த்துத் தரச் சொன்னார்கள். பைண்டிங் கடையில் ஓரத்தை வெட்டிப் புது அட்டை போடலாம் என்றார்கள். ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்யலாம் என்றார்கள். மூன்றுமே ஏட்டைக் கெடுக்கும் யோசனைகள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். மதிப்பெண் பட்டியலில் அவர் வாங்கிய மதிப்பெண் இருக்கும். விடுதியில் யாருடைய கட்டிலில் உட்கார்ந்து பேசினார், எந்தப் படத்துக்கு யாருடன் போனார், நாடகத்தில் யார் ராஜா வேடம் போட்டது என்பதெல்லாம் இந்த ஏட்டில் மட்டுமே இருக்கின்றன. எதை எதன் பக்கத்தில் ஒட்டுவது என்று முடிவு செய்ததும் அந்தப் பெண்தான். அதனால் ஒட்டிய வரிசையும் ஆவணம்தான். கீழே சொல்லும் எல்லாமே அந்த வரிசையைக் கலைக்காமல் இருப்பதற்காக.

1. முதலில் உரியவரிடம் கேளுங்கள்

அவர் உயிரோடு இருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் ஒரு பக்கத்தைக்கூடத் திறக்க வேண்டாம். பதினேழு வயதில் எழுதியதை எழுபத்தைந்து வயதில் மருமகளும் பேரனும் படிப்பது எல்லோருக்கும் உவப்பாக இராது. என் அத்தை இரண்டு கடிதங்களைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை.

மூன்று கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் வாங்குங்கள். யார் யார் பார்க்கலாம்? எந்தப் பக்கங்கள் வேண்டாம்? தனக்குப் பிறகு ஏடு யாரிடம் இருக்க வேண்டும்? பதிலை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு உறவினர்களுக்குள் பேச்சு வராமல் இருக்க இது உதவும். அவர் காலமாகிவிட்டால் பிள்ளைகள் எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள்.

2. மழைக்காலத்தில் தொடங்காதீர்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் அதிகம். தாள் நமுத்துப்போகும், படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். ஆனாலும் வெயிலில் காய வைக்கக் கூடாது. பேனா மையும் வண்ணப் படமும் வெளுத்துவிடும்.

பரணிலிருந்து இறக்கியதை நேராகப் புத்தக அலமாரியில் வைக்காதீர்கள். ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்து, பூச்சி ஊர்கிறதா, தூள் உதிர்கிறதா என்று சில நாட்கள் பாருங்கள். இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் மாவுப் பசை என்றால் உயிர். அந்தக் காலத்தில் வீட்டில் மைதாப் பசை காய்ச்சியோ சோற்றுப் பருக்கையைத் தேய்த்தோதான் ஒட்டினார்கள். அத்தையின் மாமல்லபுரம் சுற்றுலாப் பக்கத்தில் பஸ் டிக்கெட்டின் மூலைகளில் பருக்கையின் மேடு இன்றும் விரலில் தட்டுப்படுகிறது. ஒரு மூலையில் மட்டும் மேடு இல்லை. அங்கே தாளோடு சேர்த்துப் பூச்சி தின்றுவிட்டது.

உயிருள்ள பூச்சி கண்ணில் பட்டால் மருந்து அடிக்க வேண்டாம். படம் இல்லாத, எழுத்து மட்டும் உள்ள நோட்டு என்றால் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுவதும் பையைப் பிரிக்கக் கூடாது. உடனே பிரித்தால் குளிர்ந்த தாளின் மேல் ஈரம் படிந்துவிடும்.

3. எதையும் பிரிக்கும் முன் முழுவதையும் படமெடுங்கள்

ஜன்னலோர வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல், மேலட்டையிலிருந்து பின்னட்டை வரை கைபேசியில் படமெடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். மடித்து ஒட்டிய கடிதம் என்றால் மூடியபடி ஒன்று, திறந்தபடி ஒன்று. பக்கங்களுக்கிடையே சும்மா செருகியிருக்கும் ரிப்பன், உலர்ந்த பூ, பாட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே எடுங்கள். இவை தரமான படங்களாக இருக்க வேண்டியதில்லை. நாளைக்கு ஏதாவது கழன்று விழுந்தால் அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும், அவ்வளவுதான்.

ஆவணங்களை ஸ்கேன் செய்யும் செயலிகளை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். அவை ஓரத்தைத் தாமாகவே வெட்டி, பின்னணியை வெளுக்க வைத்துவிடும். கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சிலால் எழுதிய குறிப்புகள் அதில் காணாமலே போகும்.

4. உட்கார்ந்து கேளுங்கள், பெயர்களை எழுதுங்கள்

இந்த வேலையில் தள்ளிப்போடவே கூடாதது இதுதான். ஸ்கேனை அடுத்த ஆண்டும் செய்யலாம்.

ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பெரியவர்கள் களைத்துப்போவார்கள். கைபேசியில் குரலைப் பதிவு செய்துகொண்டே ஒவ்வொரு பக்கமாகத் திருப்புங்கள். பக்க எண்ணை நீங்கள் உரக்கச் சொல்லிவிட்டால் பிறகு படத்தையும் பேச்சையும் இணைப்பது எளிது. “இது யார்?” என்று மட்டும் கேட்டால் பெயரோடு நின்றுவிடுவார். “இந்தப் புடவை யாருடையது?”, “இதற்கு வீட்டில் விட்டார்களா?” என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டு விழாவுக்கு இரவல் வாங்கிய பட்டுப்புடவையின் கதையில் என் அத்தை விடுதியின் பாதிப் பேரை நினைவுபடுத்திவிட்டார்.

வகுப்பு குரூப் போட்டோவுக்கு ஒரு நகல் எடுத்து, தலைகளின் மேல் எண் போட்டு, தனித் தாளில் எண்ணுக்கு எதிரே பெயர் எழுதுங்கள். அசலின் பின்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதவே கூடாது. அழுத்தம் முன்பக்கத்தில் தெரியும், மை ஊறும்.

தோழிகளைத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நம் பெண்களில் பலருக்குத் திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிவிடுகிறது. ஆட்டோகிராஃப் நோட்டில் ‘எஸ். கமலா’ என்று கையெழுத்திட்டவர் இன்று ‘ஆர். கமலா’வாக இருப்பார். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் அன்றைய இனிஷியல், இன்றைய இனிஷியல், அப்பாவின் ஊர், கணவரின் ஊர் என நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏட்டில் ஒட்டியிருக்கும் திருமண அழைப்பிதழ்களில் பெரும்பாலும் இந்த நான்கும் கிடைக்கும். தோழியின் அழைப்பிதழை அவர்கள் பத்திரப்படுத்தி வைத்தது நமக்குப் பெரிய உதவி.

5. தேதி இல்லாத பக்கங்களுக்கு ஆண்டு கண்டுபிடிப்பது

இளம்பெண்கள் தங்களுக்காக ஒட்டிவைத்த ஏடுகளில் ஆண்டு எழுதியிருப்பது அபூர்வம். அன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. ஆனால் ஒட்டிய துண்டுகளே ஆண்டைச் சொல்லும்.

டிக்கெட்டில் ‘நயா பைசா’ அல்லது ‘ந.பை.’ என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964க்கும் இடைப்பட்டது. அதன் பிறகு ‘நயா’ போய் வெறும் பைசா ஆகிவிட்டது. அச்சிட்ட சான்றிதழில் ‘சென்னை மாநிலம்’ என்றிருந்தால் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்த 1969 ஜனவரி 14க்கு முந்தையதாக இருக்கலாம். பழைய படிவங்கள் தீரும்வரை ஓட்டியிருப்பார்கள் என்பதால் ஓரிரு ஆண்டு முன்பின் வைத்துக்கொள்ளுங்கள். உறையின் முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டு 15க்குப் பிறகுதான். சென்னை பஸ் டிக்கெட்டில் அன்றைய அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயரான ‘பல்லவன்’ என்றிருந்தாலும் 1972க்கு முன்பு போகாது. பி.யூ.சி. (பள்ளி முடித்தவர்கள் கல்லூரியில் படித்த புகுமுக வகுப்பு) என்ற சொல் வந்தால் பிளஸ் டூ வருவதற்கு முன், அதாவது 1970களின் இறுதிக்கு முன்.

அச்செழுத்தும் துப்புக் கொடுக்கும். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ‘லை’, ‘னை’, ‘றா’ போன்றவை பழைய வடிவில் அச்சாயின. ஆனால் சிற்றூர் அச்சகங்கள் பழைய எழுத்துகளை அதற்குப் பிறகும் புழங்கின. கையெழுத்தில் பலர் கடைசிவரை மாறவில்லை. ஆகவே இதை மட்டுமே நம்பி ஆண்டு போடாதீர்கள். இரண்டு தடயங்களாவது ஒத்துப்போக வேண்டும். நீங்கள் ஊகித்த ஆண்டை அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறியோடு எழுதுங்கள். அவர் கைப்பட எழுதியதோடு அது கலந்துவிடக் கூடாது.

6. சுத்தம்: செய்ய வேண்டியது கொஞ்சம், செய்யக் கூடாதது நிறைய

கையை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். தாளுக்குத் துணிக் கையுறை வேண்டாம். விரலுக்குப் பிடிமானம் போய் ஓரம் கிழிந்துவிடும். படங்களைத் தொடும்போது மட்டும் மருந்துக்கடையில் கிடைக்கும் நைட்ரைல் கையுறை போதும். மென்மையான ஓவியத் தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசியைத் தள்ளுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. ஊற்றுப் பேனா மை ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்துவிடும்.

துருப்பிடித்த குண்டூசிகளையும் ஸ்டேப்பிள் பின்களையும் எடுத்துவிடலாம். பின்னுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, கால்களை மெதுவாக நிமிர்த்தி எடுங்கள். இழுக்காதீர்கள். பழுப்பேறிய செல்லோடேப்பை அப்படியே விட்டுவிடுங்கள். உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும்.

1970களுக்குப் பிறகு வந்த, பசைக் கோடுகளின் மேல் பிளாஸ்டிக் உறை மூடும் ஆல்பங்கள் படங்களுக்குப் பெரும் கேடு. பசை மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். சுலபமாக வருகிற படத்தை மட்டும் எடுங்கள். கொஞ்சம் பிடித்திருந்தால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்ய விற்கும் மெழுகில்லாத நூலைப் படத்தின் அடியில் விட்டு, அறுப்பது போல மெதுவாக நகர்த்தலாம். அதற்கும் வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே விடுங்கள். ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தையும் கண்ணாடியோடுதான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

ஏட்டுக்குள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமோ மாற்றுச் சான்றிதழோ இருந்தால் தனி உறையில் வைத்து, அது இருந்த பக்கத்தில் ‘இங்கே இருந்தது’ என்று ஒரு சீட்டு வையுங்கள். எதையும் லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் உருகித் தாளோடு கலந்த பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்க வழியில்லை. பைண்டிங்கும் வேண்டாம். ஓரத்தைச் சீராக்க வெட்டும்போது, இடம் போதாமல் ஓரமாகத் தோழிகள் எழுதிய வரிகள் போய்விடும். ஆட்டோகிராஃப் நோட்டில் ஓரத்தில்தான் சுவையான சங்கதிகள் இருக்கும்.

7. ஸ்கேன்: கருவி, அளவு, செலவு

கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைக்கும் தட்டை ஸ்கேனர் மட்டுமே. தாளை உள்ளே இழுக்கும் வகை வேண்டவே வேண்டாம். கடையில் கொடுப்பதாக இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லி, கூடவே நில்லுங்கள். பக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்பதோடு எத்தனை டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, அதாவது ஸ்கேனின் நுணுக்கம்) என்றும் கேளுங்கள். கேட்காவிட்டால் குறைந்த அளவில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

சொந்தமாக வாங்கினால் ஏறக்குறைய ஐந்தாறாயிரம் ரூபாயில் மெலிந்த ஸ்கேனர்கள் கிடைக்கின்றன. தட்டையான பக்கத்துக்கு அவை போதும். ஆனால் கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே அவை தெளிவாகக் காணும். மேடு பள்ளமாக ஒட்டிய பக்கத்தில் கொஞ்சம் உயர்ந்திருப்பதுகூட மங்கிவிடும். சி.சி.டி. என்று விற்கும் இன்னொரு வகை ஸ்கேனர் இதைச் சமாளிக்கும், விலை பல மடங்கு. ஒரே ஓர் ஏட்டுக்காக அதை வாங்க வேண்டாம். அப்படிப்பட்ட பக்கங்களை நல்ல கேமராவை டிரைபாடில் கீழ்நோக்கிப் பொருத்திப் படமெடுப்பது மேல். உலர்ந்த பூ உள்ள பக்கத்தையும் அப்படித்தான் எடுக்க வேண்டும். ஸ்கேனர் மூடியின் அழுத்தத்தில் பூ தூளாகிவிடும்.

எழுத்துப் பக்கங்களுக்கு 300 டி.பி.ஐ., படங்களுக்கு 600. கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். மையின் நிறமும் தாளின் பழுப்பும் பிறகு ஆண்டு கணிக்க உதவும். மூலக்கோப்பு டிஃப் (TIFF, தரம் குறையாத பெரிய கோப்பு) வடிவில், பகிர்வதற்கு ஜேபெக் (JPEG, சுருக்கிய சிறிய கோப்பு). ஒரு ஏ4 பக்கம் 600 டி.பி.ஐ. வண்ண டிஃப் ஆக ஏறக்குறைய 100 எம்.பி. பிடிக்கும், 300 என்றால் 26 எம்.பி. நூறு பக்க ஏடு முழுவதையும் 600இல் எடுத்தால் 10 ஜி.பி. ஆகும்.

படத்தின் பின்புறத்தை மறந்துவிடாதீர்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, ‘என் அன்புத் தோழிக்கு’ என்ற வரி எல்லாம் அங்கேதான் இருக்கும். சிவந்துபோன வண்ணப் படங்களைக் கணினியில் சரிசெய்யலாம், ஆனால் நகலில் மட்டும்.

ஒரு பக்கத்தை வைத்து, எடுத்து, பெயரிட மூன்று நான்கு நிமிடம் ஆகும். அறுபது பக்க ஏட்டுக்கு ஒரு சனி, ஞாயிறு ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் முதுகுத் தையல் அறுந்துவிடும்.

8. கோப்புகளுக்குப் பெயர், மூன்று இடத்தில் பிரதி

ஏட்டின் எண், பக்க எண், முன்பக்கமா பின்பக்கமா என்ற வரிசையில் பெயரிடுங்கள்: ஏடு2_பக்கம்014_பின். பக்க எண்ணை 14 என்று போடாமல் 014 என்று போட்டால் கணினியில் வரிசை குலையாது. பெயர்ப் பட்டியல், குரல் பதிவு, சம்மதத் தாளின் ஸ்கேன் எல்லாம் அதே கோப்புறையில் இருக்கட்டும்.

ஒரு பிரதி கணினியில், ஒன்று ஹார்டு டிஸ்கில், மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. கூகுள் டிரைவ் இலவசமாகத் தருவது 15 ஜி.பி., ஜி-மெயிலுக்கும் சேர்த்து. பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். குடும்பத்தாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அனுப்பியதையே மூலம் என்று வைத்துக்கொண்டு ஸ்கேனை அழித்துவிடாதீர்கள்.

9. அசலை வைப்பது

பரண் வேண்டாம், சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், வெறும் தரை வேண்டாம். உள்சுவரை ஒட்டிய பீரோவின் நடுத்தட்டு நல்லது. ஏட்டை நிறுத்தாமல் படுக்க வையுங்கள். கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சில் எழுத்து உராய்ந்து அழியும் என்பதால் அந்தப் பக்கங்களுக்கு நடுவே மட்டும் அமிலமற்ற தாள் வையுங்கள். எல்லாப் பக்கத்துக்கும் வைத்தால் ஏடு உப்பி முதுகு பிளந்துவிடும். சிறப்புத் தாள் கிடைக்காவிட்டால் ‘ஆசிட் ஃப்ரீ’ என்று அச்சிட்ட நகலெடுக்கும் தாள் போதும். செய்தித்தாள் துண்டுகளுக்கு இருபுறமும் கட்டாயம் வையுங்கள். செய்தித்தாளின் பழுப்பு எதிர்ப்பக்கத்துக்கும் இறங்கும்.

புதுப் பிளாஸ்டிக் நெடி அடிக்கும் பி.வி.சி. உறைகளை வாங்காதீர்கள். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். நாப்தலீன் உருண்டை வேண்டாம், அதன் ஆவி மனிதருக்குக் கெடுதல். வேப்பிலை, வசம்பு வைக்கும் பழக்கம் இருந்தால் துணி முடிப்பில் கட்டிப் பெட்டி மூலையில் வையுங்கள், தாளைத் தொடக் கூடாது. பக்கத்துக்கு நடுவே வைத்த இலை கறையாகிவிடும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

10. வெளியே காட்டுவதும் நூலகத்துக்குக் கொடுப்பதும்

ஏடு உங்கள் வீட்டுச் சொத்து என்பதால் அதில் உள்ள எழுத்தெல்லாம் உங்களுடையதாகிவிடாது. கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பிறகு அவருடைய வாரிசுகளுக்கு. ஆட்டோகிராஃப் வரிகளுக்கும் இதே கணக்குத்தான். ஸ்டூடியோவில் காசு கொடுத்து எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே முதல் உரிமை என்கிறது இந்தியச் சட்டம். சட்டத்தைத் தாண்டியும் யோசியுங்கள். தோழி ஒருத்தி அன்று நம்பி எழுதியதை அவரைக் கேட்காமல் முகநூலில் போடுவது நியாயமில்லை. முகவரி தெரியாவிட்டால் பெயரை மறைத்துவிடுங்கள்.

அசலை வைத்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை என்றால் நிறுவனங்களை அணுகலாம். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழுத்தாளர் அம்பை முதலானோர் 1988இல் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ என்ற பெண்கள் ஆவணக் காப்பகம் ஆகிய இரண்டும் என் பட்டியலில் முதலில் வரும். உங்கள் அத்தை யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படித்தவர் என்றால் ‘நூலகம்’ என்ற பெயருள்ள இலங்கைத் தமிழ் ஆவண நிறுவனத்துக்கு எழுதிப் பாருங்கள். இலங்கைப் பாடசாலை மலர்களை அவர்கள் இணையத்தில் ஏற்றி வருகிறார்கள்.

ஏட்டைச் சுமந்துகொண்டு நேரே போய் நிற்காதீர்கள். எத்தனை ஏடு, எந்த ஆண்டுகள், எந்த ஊர், என்ன நிலை என்று ஒரு பக்கக் குறிப்பும் நான்கைந்து மாதிரிப் பக்கங்களும் முதலில் அனுப்புங்கள். எல்லா நிறுவனமும் எல்லாவற்றையும் ஏற்காது. மறுத்தால் மனம் தளராமல் அடுத்த இடத்துக்கு எழுதுங்கள். ஏற்பதாகச் சொன்னால் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: நன்கொடையா, ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தருவார்களா, யார் பார்க்கலாம், மூடி வைக்கச் சொன்ன பக்கங்கள் எத்தனை ஆண்டு மூடியிருக்கும், குடும்பத்துக்கு டிஜிட்டல் பிரதி கிடைக்குமா. அசையும் பொருள் என்பதால் பத்திரப் பதிவு தேவையில்லை. நன்கொடைக் கடிதத்தோடு ஒப்படைத்தால் போதும். கடிதத்தில் ஏடுகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றின் பக்க எண்ணிக்கையையும் எழுதி, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் உள்ள பிரதியை வாங்கிக்கொண்டே அங்கிருந்து கிளம்புங்கள்.